நீர் எதிர்க்கும் மரமல்லாக் காகிதம்

நீர் எதிர்க்கும் மரமல்லாக் காகிதம் என்பது, மரக்கூழைப் பயன்படுத்தாமல் கரும்புச் சக்கை, வைக்கோல், பருத்தி, பருத்திமார், மூங்கில், வாழை நார் போன்ற பிற தாவர இழைகளிலிருந்து செய்யப்பட்டு, நீர் எளிதில் ஊடுருவாதபடி பதப்படுத்தப்படும் காகிதம் ஆகும். பொதி தாள், பை, தட்டு, குவளை, உறை, பெயர்ச் சீட்டு, நிலப்படம், நாணயத் தாள் முதலியவற்றுக்கு இவ்வகைக் காகிதம் தேவைப்படுகின்றது.

காகிதம் எந்தத் தாவரத்திலிருந்து செய்யப்பட்டாலும் அதன் அடிப்படைப் பொருள் செலுலோசு ஆகும். செலுலோசு இயல்பாகவே நீரை விரும்பும் தன்மை கொண்டது. எனவே ஒரு காகிதத்தின் நீர் எதிர்ப்பு, அதன் இழையை விட, அந்த இழைக்குச் செய்யப்படும் பதப்படுத்தலையே பெரிதும் சார்ந்துள்ளது. அக்காகிதம் பயன்பாட்டுக்குப் பின் மண்ணில் மட்குமா, மீண்டும் கூழாகுமா என்பதையும் அப்பதப்படுத்தலே முடிவு செய்கின்றது.

நீர் எதிர்ப்பும் தொடர்புடைய பண்புகளும்

காகிதத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஐதரசன் பிணைப்புகளால் பிணைந்துள்ளன. நீர் உட்புகும்போது நீர் மூலக்கூறுகள் இப்பிணைப்புகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இழைகள் விலகுகின்றன. பதப்படுத்தப்படாத காகிதம் முழுதும் நனைந்தபின், உலர்ந்த நிலையில் அதற்கு இருந்த வலிமையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டையோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே தக்கவைத்துக்கொள்கின்றது.

பொதுவழக்கில் ஒன்றாகக் கருதப்படும் மூன்று பண்புகளைக் காகிதத் தொழிலில் பிரித்து அறிவர்.

* நீர் எதிர்ப்பு: நீர் காகிதத்தின் பரப்பில் பரவுவதையும் உள்ளே உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தும் தன்மை. எழுதும் தாளில் மை ஊறிப் பரவாமல் இருப்பது இதனாலேயே ஆகும்.
* ஈரவலிமை: நனைந்த பின்னரும் கிழியாமல் இருக்கும் தன்மை. உலர் வலிமையில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈர நிலையிலும் கொண்டிருக்கும் காகிதம் ஈரவலிமைக் காகிதம் எனப்படும்.
* நீராவித் தடுப்பு: காற்றிலுள்ள ஈரம் ஊடுருவாமல் தடுக்கும் தன்மை. உப்பு, வெல்லம், கடலைமிட்டாய், தீப்பெட்டி போன்று ஈரத்தால் கெடும் பொருட்களைப் பொதிவதற்கு இதுவே முதன்மையானது.

இவற்றுள் ஒன்று இருப்பதால் மற்றவையும் இருக்கும் என்று கொள்ள இயலாது. தேயிலைப் பைக்கான தாள் கொதிநீரில் கிழிவதில்லை. ஆயினும் நீரைத் தாராளமாக உள்ளே விடுகின்றது. இத்தாளில் வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நீண்ட நார் பயன்படுத்தப்படுகின்றது. மெழுகு பூசிய தாள் நீரை எதிர்க்கின்றது. ஆனால் மடிக்கும் இடத்தில் மெழுகு வெடித்தால் அவ்விடத்தில் நனைந்து கிழிந்துவிடும்.

மூலப்பொருட்கள்

மரமல்லா இழைகளைப் பயிர்க்கழிவுகள், இயற்கையாக வளரும் புற்கள், நாருக்காகவே வளர்க்கப்படும் பயிர்கள் என மூவகையாகப் பிரிக்கலாம். ஒப்பீட்டுக்காக, ஊசியிலை மரங்களின் இழை ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், யூக்கலிப்டசு போன்ற அகன்ற இலை மரங்களின் இழை ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும் நீளம் கொண்டவை.

* கரும்புச் சக்கை: இழை நீளம் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர். சக்கையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தக்கை போன்ற மென்பகுதியாகும். இது நீரை மிகுதியாக உறிஞ்சுவதால், கூழாக்குவதற்கு முன் நீக்கப்படவேண்டும்.
* நெல் வைக்கோல்: இழை குட்டையானது. சிலிக்கா மிகுதியாக உள்ளதால், கூழாக்கும் ஆலையில் வேதிப்பொருளை மீட்பது கடினமாகின்றது.
* பருத்திமார்: பஞ்சு எடுத்தபின் நிற்கும் பருத்திச் செடியின் தண்டு. பயிர்க்கழிவாக இருப்பினும் இதன் உட்பகுதி மரத்தை ஒத்தது. இழை நீளம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பட்டையில் உள்ள நார் இதனினும் நீளமானது.
* பருத்திப் பஞ்சும் துணிக் கழிவும்: 90 விழுக்காட்டுக்கு மேல் செலுலோசு. இழை நீளமானதும் வலிமையானதும் ஆகும். இலிக்னின் இல்லாமையால் கடுமையான வேதிக் கூழாக்கல் தேவைப்படுவதில்லை.
* மூங்கில்: தாவரவியலின்படி புல் வகையைச் சேர்ந்தது. இழை நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்.
* வாழை, கற்றாழை, சணல், புளிச்சை: நீண்ட நார் கொண்டவை. ஆயினும் நார் பிரிக்கும் செலவு அதிகமாகையால், வலிமை கூட்டுவதற்காகப் பிற கூழுடன் கலக்கப்படுகின்றன.

வைக்கோல், சக்கை ஆகியவற்றின் கூழில் குட்டை இழைகளும் நுண்துகள்களும் எமிசெலுலோசும் மிகுந்துள்ளன. இதனால் தாள் நெருக்கமாக அமைந்து துளைகள் குறைகின்றன. மறுபுறம், தாள் வார்க்கும்போது நீர் மெதுவாகவே வடிகின்றது. நுண்துகள்களின் மொத்தப் பரப்பு மிகுதியாக இருப்பதால், பசைப்பொருளும் கூடுதலாகச் செலவாகின்றது.

வரலாறு

காகிதத்தின் வரலாற்றில் மரமே பிந்தி வந்த மூலப்பொருள் ஆகும். கி.பி. 105இல் சீன அரசவையில் காகிதம் செய்யும் முறையை அறிவித்த காய் லுன், மரப்பட்டை, சணல் கழிவு, கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைப் பயன்படுத்தியதாகச் சீன வரலாற்று நூல் குறிப்பிடுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் கந்தைத் துணியே முதன்மை மூலப்பொருளாக இருந்தது.

நீர் எதிர்ப்பும் பழமையானதே. யப்பானில் முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் பட்டை நாரில் செய்த தாளுக்குப் புளிப்புச் சீமைப்பனிச்சைக் காயின் துவர்ச்சாறு பூசப்பட்டது. சீனா, பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் எண்ணெய் ஊட்டிய காகிதக் குடைகள் செய்யப்பட்டன; பர்மாவின் பத்தேயின் நகரும் வட தாய்லாந்தின் போ சாங் ஊரும் இன்றும் அதற்குப் பெயர்பெற்றவை. இந்தியாவின் பழைய கைக்காகிதங்களுக்கு மாவுக் கஞ்சி பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இது மை பரவுவதைத் தடுத்ததே தவிர, மழைக்குத் தாங்கவில்லை. ஐரோப்பாவில் விலங்குத் தோலிலிருந்து பெற்ற செலட்டின் பயன்பட்டது.

1807ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த மோரிட்சு பிரீட்ரிக் இல்லிக், கூழிலேயே ரோசினையும் படிகாரத்தையும் கலக்கும் முறையை வெளியிட்டார். இது இயந்திரக் காகிதத்துக்கு ஏற்றதாக இருந்ததால் உலகெங்கும் பரவியது. ஆனால் இம்முறையில் காகிதம் அமிலத்தன்மை அடைவதால் சில பத்தாண்டுகளில் பழுப்பேறி நொறுங்குகின்றது. நூலகங்களில் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பல சிதைவதற்கு இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். 1950களில் அறிமுகமான ஆல்க்கைல் கீட்டீன் டைமர் என்னும் பசைப்பொருள், அமிலம் இல்லாத நிலையிலேயே செயற்படுவதால் இக்குறை நீங்கியது.

தயாரிப்பு முறை

மூலப்பொருளைத் துண்டாக்கித் தூசும் மென்பகுதியும் நீக்கியபின், எரிசோடாக் கரைசலில் வேகவைப்பர். இதனால் இழைகளைப் பிணைத்திருக்கும் இலிக்னின் கரைந்து, இழைகள் பிரிகின்றன. ஆலைகளில் இது அழுத்தக் கலன்களில் ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியசு வெப்பநிலையில் நடைபெறுகின்றது. கைத்தொழில் கூடங்களில் திறந்த கலனில் பல மணி நேரம் வேகவைக்கப்படுகின்றது. பருத்திமாரைத் திறந்த கலனில் வேகவைத்தால் அதன் மரப்பகுதி முழுதும் கூழாவதில்லை. பழுப்பு நிறமான முரட்டுக் கூழே கிடைக்கும். அதனுடன் துணிக் கூழைக் கலந்தால் தாள் வலிமை பெறும்.

வெந்த கூழை நன்கு கழுவி, இடிப்பு இயந்திரத்தில் இடிப்பர். இடிக்க இடிக்க இழைகளின் மேற்பரப்பு மயிர்போலப் பிரிந்து, பிணைப்பு கூடுகின்றது. மிகுதியாக இடித்த கூழிலிருந்து துளைகள் குறைந்த, எண்ணெய் ஊடுருவாத தாள் கிடைக்கின்றது. அதன்பின் கூழை நீரில் கலக்கிச் சல்லடையில் தாளாக வார்த்து, அழுத்தி, உலர்த்துவர்.

நீர் எதிர்ப்பை ஊட்டும் முறைகள்

* உட்பசையூட்டல்: தாள் வார்ப்பதற்கு முன் கூழிலேயே பசைப்பொருளைச் சேர்த்தல். ரோசினும் அலுமினியம் சல்பேட்டும் சேர்ந்த கலவை, ஆல்க்கைல் கீட்டீன் டைமர் ஆகியன பயன்படுகின்றன. உலர்த்தும்போது வெப்பத்தால் பசை இழையின் மேற்பரப்பில் பரவி, நீர் விலக்கும் பக்கத்தை வெளியே காட்டி நிற்கின்றது.
* மேற்பசையூட்டல்: வார்த்த தாளின்மேல் மாவுப்பசை, செலட்டின், பாலிவினைல் ஆல்ககால் முதலியவற்றைப் பூசுதல்.
* ஈரவலிமைப் பிசின்: யூரியா-பார்மால்டிகைடு, மெலமைன்-பார்மால்டிகைடு, பாலிஅமைடு வகைப் பிசின்கள் இழைகளுக்கிடையே நீரில் கரையாத பிணைப்பை ஏற்படுத்துகின்றன. இவை மிகுந்தால் பழைய தாளை மீண்டும் கூழாக்குவது கடினமாகும்.
* மெழுகூட்டல்: பாரஃபின், தேன்மெழுகு, கார்னவுபா மெழுகு ஆகியவற்றை உருக்கித் தாளில் ஊட்டுதல். எளிய கருவிகளே போதுமானவை. ஆனால் வெப்பமான உணவுக்கு ஏற்றதன்று.
* எண்ணெயூட்டல்: ஆளி விதை எண்ணெய், துங் எண்ணெய் போன்று காற்றில் உலர்ந்து இறுகும் எண்ணெய்களைப் பூசுதல். தேங்காய் எண்ணெய் இவ்வாறு இறுகாது.
* அரக்குப் பூச்சு: அரக்குப் பூச்சியிடமிருந்து பெறப்படும் இயற்கைப் பிசின். சாராவியில் கரைத்தோ காரநீரில் கரைத்தோ பூசப்படுகின்றது.
* அமிலப் பதப்படுத்தல்: பசையூட்டாத தாளைச் செறிந்த கந்தக அமிலத்தில் சில நொடிகள் அமிழ்த்திக் கழுவுதல். இழையின் மேற்பரப்பு கூழ்போலாகித் துளைகளை மூடுகின்றது. இது தாவரத் தோற்காகிதம் எனப்படும்.
* நெகிழிப் பூச்சு: பாலிஎத்திலீன் போன்ற நெகிழியை உருக்கி மெல்லிய படலமாக ஒட்டுதல். தடுப்பு மிகச் சிறந்தது; எனினும் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம்.

பருத்தி இழைக் காகிதத்துக்கு நாள்தோறும் கையில் புழங்கும் எடுத்துக்காட்டு இந்திய ரூபாய்த் தாள் ஆகும். இது பருத்திக் கூழால் செய்யப்படுகின்றது. சட்டைப் பையில் மறந்து துவைக்கப்பட்ட தாள் கரைந்து போகாமல் மீள்வதற்கு, நீண்ட பருத்தி இழை, ஈரவலிமைப் பிசின், மேற்பசை ஆகிய மூன்றும் சேர்ந்தே காரணமாகின்றன.

அளவிடல்

காகிதத்தின் நீர் எதிர்ப்பு பொதுவாகக் காப் சோதனையால் அளவிடப்படுகின்றது. 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையத்தைத் தாளின்மேல் பொருத்தி, 100 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, 60 நொடிகளுக்குப்பின் நீரை அகற்றி ஒற்றியெடுத்து, தாளின் எடை எவ்வளவு கூடியுள்ளது என்று நிறுத்துப் பார்ப்பர். விடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூறப்படும். எண் குறைவாக இருந்தால் எதிர்ப்பு மிகுதி என்பது பொருள். நன்கு பசையூட்டிய எழுதுதாளுக்கு இது 20 முதல் 30 வரை இருக்கும். பள்ளி ஆய்வகத்தில், ஒரு சொட்டு நீரைத் தாளில் இட்டு அது மறைவதற்கு ஆகும் நேரத்தைக் கணித்தும் தாள்களை ஒப்பிடலாம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மரமல்லா இழையைப் பேரளவில் பயன்படுத்தும் நிறுவனம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ஆகும். 1979இல் தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்ட இதன் ஆலை, கரூர் மாவட்டம் புகளூருக்கு அருகே காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு 90,000 டன் காகிதம் செய்யும் திறன் கொண்டிருந்தது. பின்னர் அச்சுக் காகிதமும் எழுதுகாகிதமும் அதன் முதன்மைப் பொருட்களாயின. கரும்புச் சக்கையுடன் தைல மரம், சவுக்கு ஆகியவற்றின் கூழையும் இவ்வாலை பயன்படுத்துகின்றது.

சக்கை கழிவுப்பொருள் என்று கூறப்பட்டாலும், சர்க்கரை ஆலைகளில் அதுவே கொதிகலனுக்கான எரிபொருளாக இருந்தது. எனவே சக்கையைப் பெறுவதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ வழங்கும் ஒப்பந்தங்களைக் காகித ஆலை சர்க்கரை ஆலைகளுடன் செய்துகொண்டது. கரும்பு அரவைக் காலம் சில மாதங்களே ஆகையால், சக்கை நனைத்த நிலையில் பெருங்குவியல்களாகச் சேமிக்கப்படுகின்றது. பிரித்த மென்பகுதி கொதிகலனில் எரிக்கப்படுகின்றது. சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவளி பெறப்படுகின்றது. சுத்திகரித்த கழிவுநீர் அருகிலுள்ள உழவர்களின் நிலங்களுக்குப் பாசனத்துக்காக அளிக்கப்படுகின்றது.

ஈரோட்டுக்கு அருகே பள்ளிபாளையத்தில் உள்ள சேசசாயி காகித ஆலையும் சக்கையைப் பயன்படுத்தும் ஆலையாகும்.

கைக்காகிதத் துறையில், தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றிய அவர், கைக்காகிதம் உள்ளிட்ட சிற்றூர்த் தொழில்களுக்குப் புத்துயிர் அளிக்க முயன்றார். செய்ப்பூருக்கு அருகே சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இந்தியக் கைக்காகிதக் கூடங்களுக்குத் திருப்பூரின் பின்னலாடை வெட்டுத்துண்டுகள் முதன்மையான மூலப்பொருளாக உள்ளன. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் இத்துறையில் பெயர்பெற்றது.

கரிசல் வட்டாரம்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலம் மானாவாரிப் பருத்திக்குப் பெயர்பெற்றது. 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தி வகைகளை மேம்படுத்தியது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய இவ்வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 740 மில்லிமீட்டர் ஆகும். கரும்பு விளையாத இந்நிலத்தில் சக்கை கிடைப்பதில்லை. பருத்திமார், மக்காச்சோளத் தட்டை, சோளத் தட்டை, பனைநார் ஆகியவையே இங்குள்ள மரமல்லா இழைகள்.

ஓர் எக்டேர் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ 2 முதல் 3 டன் வரை பருத்திமார் கிடைக்கும் என மதிப்பிடப்படுகின்றது. மானாவாரி நிலத்தில் இது குறையக்கூடும். பறிப்பு முடிந்தபின் செடியை நிலத்தில் நிற்கவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தங்கிவிடும் என்பதால், மாரைப் பிடுங்கி அகற்றுமாறு வேளாண் துறையினர் அறிவுறுத்துகின்றனர். பிடுங்கிய மார் இவ்வட்டாரத்தின் அடுப்பு விறகாகவும் வேலிப் படலாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. சோளத் தட்டை மாட்டுத் தீவனமாகும். ஆகவே இவற்றைக் காகிதத்துக்கு எடுக்கும்போது, மாற்று எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் ஈடான விலை உழவருக்குக் கிடைக்கவேண்டியுள்ளது.

நீர் எதிர்க்கும் பொதிகளுக்கான தேவை இவ்வட்டாரத்தில் இயல்பாகவே உள்ளது. கோவில்பட்டியின் தீப்பெட்டி, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பு, பனைவெல்லமான கருப்பட்டி ஆகிய அனைத்தும் ஈரக் காற்றில் கெடுபவை. கருப்பட்டியைப் பனையோலைக் கொட்டானில் பொதிந்து வைப்பது, ஓலையின் மேலுள்ள இயற்கை மெழுகைப் பயன்கொள்ளும் பழைய முறையாகும். மெழுகுத் தீக்குச்சியில் காகிதத் தண்டுக்குப் பாரஃபின் ஊட்டப்படுவதும் இதே தத்துவத்தின்பாற்பட்டது.

ஆயினும் கூழாக்கும் தொழிலுக்கு இங்குள்ள முதன்மைத் தடை நீர் ஆகும். இழையை வேகவைத்து, கழுவி, வார்ப்பதற்கு ஒரு டன் காகிதத்துக்குப் பல ஆயிரம் லிட்டர் நீர் செலவாகின்றது. காகிதபுரமும் பள்ளிபாளையமும் காவிரிக் கரையில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. கண்மாய் நீரையும் மழையையும் நம்பிய கரிசலில், பருத்திமாரை எரிசோடாவில் கூழாக்கும் ஆலை, குடிநீருடனும் பாசனத்துடனும் போட்டியிடும். அதன் கழிவுநீர் வடிகால் குறைந்த களிமண்ணில் தேங்கி உவர்ப்பைக் கூட்டும்.

இதனால் இத்தகைய நிலத்துக்கு வேறு இரு வழிகள் கூடுதலாகப் பொருந்துகின்றன. ஒன்று, பருத்திமாரைக் கூழாக்காமல் துகளாக்கி, பிசின் சேர்த்து அழுத்தித் துகட்பலகை செய்வது. மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை உருவாக்கியுள்ளது. மற்றொன்று, நூற்பாலைக் கழிவுப் பஞ்சையும் துணி வெட்டுத்துண்டுகளையும் கொண்டு கைக்காகிதம் செய்வது. இவற்றுக்குக் கடும் வேதிச் சமையல் தேவையில்லாமையால் கருஞ்சாறு தோன்றுவதில்லை. கழுவும் நீரையும் பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்தலாம். 1891இல் லாயல் ஆலை தொடங்கிய காலம் முதல் கோவில்பட்டி நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

சுற்றுச்சூழல் சிக்கல்கள்

பயிர்க்கழிவைக் கூழாக்கும்போது வெளியாகும் கருஞ்சாற்றில் இலிக்னினும் காரமும் நிறைந்துள்ளன. பெரிய ஆலைகள் இதைச் செறிவாக்கி எரித்து, எரிசோடாவை மீட்கின்றன. மீட்புக் கலன் அமைக்க இயலாத சிறு ஆலைகள் இதை ஆற்றில் விட்டதால் இந்தியாவின் பல இடங்களில் நீர்நிலைகள் மாசடைந்தன. மரத்தைக் காப்பதற்காகச் செய்யும் காகிதம் நீரைக் கெடுக்கக்கூடும் என்பது இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இரண்டாவது சிக்கல் மேற்பூச்சைப் பற்றியது. 2020இன் இறுதியில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, நெகிழிப் படலம் ஒட்டிய காகிதக் குவளையில் 100 மில்லிலிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலக்கின்றன. கரும்புச் சக்கைத் தட்டுகள் சிலவற்றில் எண்ணெயும் நீரும் ஊறாமல் இருக்கப் புளோரின் கொண்ட சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. இவை இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. டென்மார்க் 2020இல் உணவுக் காகிதங்களில் இவற்றைத் தடை செய்தது. ஐக்கிய அமெரிக்காவில் உணவுப் பொதிகளுக்கான இவ்வகைச் சேர்மங்களின் விற்பனை நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் அறிவித்தது.

தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருட்களைத் தடை செய்தது. நெகிழி பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும் அத்தடையில் அடங்கும். எனவே சட்டத்தின் பார்வையிலும், மரமல்லா இழையில் செய்யப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு தாள் நெகிழிக்கு மாற்றாகிவிடுவதில்லை. மாவுப்பசை, ஆல்க்கைல் கீட்டீன் டைமர், இயற்கை மெழுகு, அரக்கு ஆகியவற்றால் பதப்படுத்தப்பட்ட தாள்கள் நெகிழிப் படலம் அளவுக்கு நீண்டநேரம் நீரைத் தாங்குவதில்லை. ஆயினும் அவை மட்கக்கூடியவை. ஒரு பொதி எத்தனை மணி நேரம் ஈரத்தைத் தாங்கவேண்டும் என்பதை முதலில் அறிந்து, அதற்குப் போதுமான பதப்படுத்தலை மட்டும் தேர்ந்தெடுப்பதே இவ்வகைக் காகிதத்தின் வடிவமைப்பில் முதற்படியாகும்.

இவற்றையும் பார்க்க

* காகிதம்
* செலுலோசு
* கரும்புச் சக்கை
* கரிசல் மண்
* கைக்காகிதம்
* ஜே. சி. குமரப்பா